ஆறரை மணிக்காரர்

'தடால்' என்று இழுப்பறை கையோடு கழன்று வந்து தரையில் விழுந்தது.

விழுந்த வேகத்தில் அட்டைகள் நாலா பக்கமும் சிதறின. நாற்காலிகளுக்கு அடியில், குடை வைக்கும் தொட்டிக்குள், மீன் தொட்டிக்குப் பின்னால் என்று பல் கிளினிக்கின் வரவேற்பறை முழுக்க அறுநூறு பேருடைய வாயின் சரித்திரம் பரந்து கிடந்தது.

அங்கே வரவேற்பில் வேலை பார்க்கும் பெரியவள் சட்டென்று முழங்காலிட்டாள். மணி ஏழேகால். கிளினிக் திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. டாக்டரம்மா வருவதற்குள் அப்பாவின் அட்டையை எடுத்தாக வேண்டும்.

எடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை அவள் இன்னும் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கைப்பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. அட்டையில் இருக்கும் பதினோரு வரிகளையும் ஒரே மையில் எழுதினால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும் என்கிற அளவுக்கு யோசித்துத்தான் வந்திருந்தாள்.

ஆறு நாளைக்கு முன் நீச்சல் குளத்துப் படியில் அப்பா மயங்கி உட்கார்ந்தாரே, அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. முப்பது வருஷமாக விசில் ஊதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த மனிதர். இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. உடம்பு பாதியாக இளைத்தது. "வெயில்" என்றாள் அம்மா. "வயசு" என்றார் அவர். மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் வெயிலும் இல்லை, வயசும் இல்லை என்று தெரிந்தது. இதயத்தின் ஒரு வால்வில் கிருமி கூடு கட்டியிருந்தது. சின்ன வயசிலிருந்தே லேசாகப் பழுதாக இருந்த வால்வு அது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார்கள்.

சேர்த்த அன்றைக்கு இதய டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான் இன்று காலை வரைக்கும் அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்போ பல்லைக் காட்டினார்?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தைரியமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி அதுதான். "அதுக்கெல்லாம் குறையே இல்லைங்க. என் பெரிய பொண்ணு பல் கிளினிக்லதான் வேலை பாக்கறா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம காட்டிடுவார்."

டாக்டர் பெரியவளைப் பார்த்தார்.

பெரியவள் தலையை ஆட்டினாள்.

யோசித்து ஆட்டவில்லை. அம்மாவின் பெருமையை அந்த இடத்தில் உடைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். டாக்டரும் உள்ளே போய் டார்ச் அடித்து அப்பாவின் வாயைப் பார்த்தார். முன்பற்கள் பளிச்சென்று இருந்தன. சரி என்று தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, கிருமி எங்கிருந்து வந்தது என்று தோல், குடல், சிறுநீர் என ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனார்.

நேற்று மாலை பரிசோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. இந்தக் கிருமி குடியிருக்கிற வீடு வாய்தான்.

"நாளைக்குக் காலையில அவரோட பல் ரெக்கார்டு வேணும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அப்பாவின் அட்டை மீன் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. ஓரம் நனைந்திருந்தது. மேலே 'நீச்சல் பயிற்சியாளர்' என்று அவளுடைய உருண்டைக் கையெழுத்து. முதல் வரியில், ஆறு வருஷத்துக்கு முன், கீழ்த்தாடை வலது கடைசிப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து 'கேப்' போட்ட விவரம். அதற்குக் கீழே, ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் பதினோரு வரிகள்.

பதினோரு வரியிலும், தேதி தள்ளிப் போனால் எழுதுகிற ஒரே வார்த்தை. மாற்றம். மாற்றம். மாற்றம்.

அது எப்படி நடந்தது என்று கேட்டால், நல்ல எண்ணத்தில்தான் நடந்தது.

அந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காலையில் பார்த்தால் நாள் முழுக்க ஆட்கள் நிரம்பியிருப்பார்கள். பதினோரு மணிக்கு ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறியபடி போன் பண்ணுவார். அவரை எங்கே நுழைப்பது? அதற்காகக் கடைசி நேரமான ஆறரை மணியை ஒதுக்கி வைக்கலாம் என்றால், சும்மா விட்ட இடத்தைப் பார்த்ததும் யாராவது பிடித்துக்கொள்வார்கள். அதனால் சோதனைக்கு வர வேண்டிய அப்பாவின் பெயரை அங்கே எழுதி வைப்பாள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அவசரக்காரர் வந்தால் துண்டை எடுத்துவிட வேண்டியதுதானே.

அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். குளத்திலிருந்து நேராக, ஈரத் தலையோடு வந்து நிற்பார். "அப்பா, இன்னைக்கு ஒரு அவசரம். அடுத்த வாரம் பாத்துக்கலாமா?" என்பாள். "எனக்கென்ன பாப்பா, வலியா வேதனையா? அவங்களைப் பாருங்க" என்று திரும்பிப் போவார். அடுத்த வாரமும் ஒரு அவசரம் இருக்கும். அதற்கடுத்த வாரம் அவளுக்கே மறந்துவிடும்.

கிளினிக்கில் அவருக்கு 'ஆறரை மணிக்காரர்' என்றே பெயர் வந்துவிட்டது. "ஆறரை மணிக்காரர் இன்னைக்கும் தப்பிச்சாரா?" என்று டாக்டரம்மாவே கேட்டுச் சிரிப்பார்.

வலியோடு போன் செய்கிறவர்களிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு வாசகம் இருந்தது. "கவலைப்படாதீங்க சார், ஆறரைக்கு ஒருத்தர் இருக்கார். அவரை நகர்த்திட்டு உங்களைப் போட்டுடறேன். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

இதைக் கேட்டு நன்றி சொல்லாதவர்கள் கிடையாது. ஒரே ஒருவர்தான் விதிவிலக்கு. போன மழைக்காலத்தில் ஒரு நாள், வாய்க்குள் துணி அடைத்த மாதிரி குழறிய குரல். அவள் வாசகத்தை முழுசாகக் கேட்டது. பிறகு, "வேண்டாம்மா, அவரே வரட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. வலியிலும் அடுத்தவன் இடத்தைத் தொடாத மகராசன் யாரோ என்று டாக்டரம்மாவிடம் சொல்லி அன்றைக்கு இருவரும் வியந்தார்கள். அன்று சாயங்காலமே வேறொரு அவசரக்காரி வந்தாள். அப்பாவுக்கு 'இன்று வர வேண்டாம்' என்று குளத்து ஆபீஸ் மூலமாகச் செய்தி போனது.

அட்டையில் அது ஒன்பதாவது வரி.

பெரியவள் நீலப் பேனாவைத் திறந்தாள். முதல் 'மாற்றம்' என்பதைப் 'பார்க்கப்பட்டது' என்று ஆக்குவது பெரிய வேலை இல்லை. மேலே ஒட்டுத்தாள் ஒட்டினால் முடிந்தது. பேனாவின் முனை அட்டையில் பட்டு ஒரு நீலப் புள்ளி வைத்தது.

கதவு மணி சிணுங்கியது.

டாக்டரம்மா குடையை மடக்கியபடி உள்ளே வந்து நின்றார். தரையெல்லாம் அட்டை, நடுவில் முழங்காலிட்ட பெண், கையில் பேனா. ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் மனிதர்களின் வாயைத் திறக்க வைத்த அனுபவம்.

"யாரோடது?"

"அப்பாவோடது டாக்டர்."

"என்ன எழுதப் போற?"

பெரியவள் அட்டையைக் கையால் மறைத்தாள்.

"நீ நல்லா எழுதுவே. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா அந்த இதய டாக்டர் இதை நம்பிப் பல்லை விட்டுட்டு மறுபடியும் குடலைத் தேடப் போவார். அது பரவாயில்லையா?"

பேனா கீழே உருண்டது. பெரியவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவரும் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பல்லுக்குக் கேப் போட்டது நான். கேப்புக்கு அடியில வேர் புழுத்துப் போனா வெளியில ஒண்ணும் தெரியாது. டார்ச் அடிச்சாலும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தறோம். கத்தினவங்க வீட்லயே..." அவர் ஓர் அட்டையை வெறித்துப் பார்த்தார். "நானும்தான் தினமும் உன் நோட்டைப் பாத்தேன். தப்பிச்சாரா தப்பிச்சாரான்னு சிரிச்சேன். ஒரு நாள் நானே அவர் கையைப் பிடிச்சு உள்ள இழுத்து உட்கார வெச்சிருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"இப்போ என்ன டாக்டர் செய்யறது?"

"பதினோரு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரேன். அந்தப் பல்லை நானே பாக்கணும். காலையில இருக்கறவங்களை நீயே போன் பண்ணி நகர்த்து."

எட்டுப் பேர் இருந்தார்கள். பெரியவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "அதனாலென்னம்மா, எனக்கென்ன வலியா வேதனையா?" என்றார் பத்து மணிக்காரர். அந்த வார்த்தை அப்பாவின் வாயிலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறது!

"சார், அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுங்க. வலிக்கலைன்னாலும் வாங்க. வலிக்கலைன்னாத்தான் வரணும்."

"என்னம்மா, அழற மாதிரி பேசற?"

"சளி சார்."

எட்டுப் பேரையும் நகர்த்திப் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. ஐந்தரை வருஷமாக முடியாத வேலை.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்ததுமே தம்பியின் குரல் கேட்டது.

தம்பிக்கு மின்தூக்கி பழுது பார்க்கிற வேலை. வேலைக்குப் போகிற வழியில் இடுப்பில் கருவிப் பட்டையோடு வந்திருந்தான். அவனுக்கு எதிரே நீச்சல் குளத்துக் காவலாளி, அப்பாவின் இருபது வருஷச் சிநேகிதர், ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெஞ்சில் அம்மா.

"தண்ணிக்கு மருந்து போடறீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"தம்பி, தினமும் காலையில நான்தானே போடறேன். உங்கப்பா வந்து மோந்து பாத்துட்டுத்தான் பிள்ளைங்களை இறக்குவார்."

"அப்புறம் எப்படிக் கிருமி வந்துச்சு? ஆகாசத்துலேருந்தா? நான் புகார் எழுதிட்டேன்." தம்பி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். "இன்னைக்கே குளத்து ஆபீஸ்ல கொடுக்கப் போறேன். யார் வேலை போனாலும் எனக்குக் கவலையில்லை."

காவலாளி பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியவள் அவர்களை நோக்கி வேகமாக நடந்தாள். கைப்பையில் அந்த அட்டை கனத்தது. இந்த வராந்தாவில் ஒரு தடவை தலையை ஆட்டியதற்கு எத்தனை பேர் விலை கொடுக்க வேண்டும்?

"தம்பி, அதைக் கிழிச்சுப் போடு."

"நீ சும்மா இரு அக்கா. உனக்குத் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும். கிருமி தண்ணியிலேருந்து வரலை. பல்லுலேருந்து வந்திருக்கு."

"பல்லா? அப்பாதான் தவறாம காட்டறாரே."

"காட்டலை." பெரியவள் அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "அஞ்சரை வருஷமா ஒரு தடவைகூடக் காட்டலை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அவரை நகர்த்திட்டு வேற யாரையாவது போட்டேன்."

தம்பி அட்டையைப் படித்தான். அவனுடைய உதடு ஒவ்வொரு வரியாக எண்ணியது. எண்ணி முடித்ததும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பில்லை.

"ஊருக்குத்தான் உபதேசமா? எனக்கு எத்தனை தடவை போன் பண்ணி உயிரை எடுத்திருப்பே. என் பொண்டாட்டிக்கு, அவ அம்மாவுக்கு, எங்க மாடி வீட்டுக்காரருக்குக்கூடப் போன் பண்ணினியே அக்கா."

அம்மா பெஞ்சிலிருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான் டாக்டர்கிட்ட அவ்வளவு பெருமையா சொன்னேன். நீ பக்கத்துல நின்னு தலையாட்டினியேடி."

"அம்மா..."

"நான் ஒரு முட்டாள். உன்னைச் சொல்லி என்ன பிரயோசனம்? ஒரு வருஷமா அவருக்கு ரொட்டியைப் பால்ல நனைச்சுத் தரேன். கேட்டா, இப்படித்தான் பிடிக்குதுன்னார். வயசானா குழந்தை மாதிரி ஆயிடறாரேன்னு பக்கத்து வீட்ல சொல்லிச் சிரிச்சேன். ஒரு பல்லு வலிக்குதான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேனா?"

தம்பி புகார்த் தாளை நாலாக, எட்டாகக் கிழித்தான். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கருவிப் பட்டையில் செருகிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க" என்றான் காவலாளியிடம், தரையைப் பார்த்தபடி.

"அட விடுங்க தம்பி. அப்பாவுக்கு ஒண்ணுன்னா யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?" காவலாளி பையைப் பிரித்தார். "அவர் அலமாரியில இருந்ததை எடுத்துட்டு வந்தேன். துண்டு, செருப்பு, விசில்."

விசிலைப் பெரியவள் வாங்கிக்கொண்டாள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில். அப்பா அதை எப்போதும் வாயின் வலது மூலையில் கடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் இருக்கிற அத்தனை புகைப்படத்திலும் அப்படித்தான். இந்த விசிலில் வலது பக்கம் கடையில் வாங்கின மாதிரி வழவழவென்று இருந்தது. இடது பக்கம் மட்டும் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது.

"இது எப்போ வாங்கினது?"

"போன வருஷம், மழை ஆரம்பிச்சப்போ. அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் அவருக்குக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்துச்சு. வீட்டம்மாகூட இல்லை, உங்க தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு அங்க போயிருந்தாங்க. அவர் போனும் தண்ணியில விழுந்துபோச்சா, என் போனை வாங்கி..."

அவர் முடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு இதய டாக்டர் வந்துவிட்டார். "ரெக்கார்டு கொண்டு வந்தீங்களா?"

டாக்டர் அட்டையை நின்றபடியே படித்தார். நீலப் புள்ளியையும் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இதை ஆறு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தாலும் பரவாயில்லை. முடிக்காத அந்த வாக்கியத்தைச் சாயங்காலம் வரைக்கும் அவளே விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு டாக்டர்களும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி வெளியே வந்தார்கள். கேப் போட்ட பல்லின் வேருக்கு அடியில் கறுப்பாக ஒரு பொந்து. பக்கத்துப் பல்லின் வேரையும் அது தொட்டிருந்தது.

"இங்கேருந்துதான் ரத்தத்துல கலந்து போயிருக்கணும்" என்றார் பல் டாக்டரம்மா. "சீழ் ஒரு தடவை உடைஞ்சு வடிஞ்சிருக்கு. வடிஞ்சதும் வலி போயிருக்கும். வலி போனா நோய் போச்சுன்னு எல்லாரும் நினைக்கறதுதான்."

இதய டாக்டர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு இரண்டு பல்லையும் எடுத்துவிட வேண்டும். வாய் சுத்தமாகாமல் புது வால்வு வைத்தால் அதிலும் கிருமி ஏறும். பல் எடுத்த பிறகு உடம்பு தாங்கினால் நாலாவது நாள் ஆபரேஷன்.

"தாங்கினால்னா?" என்றான் தம்பி.

"வால்வுல ஒட்டியிருக்கற கட்டியிலேருந்து ஒரு துணுக்கு பிரிஞ்சு மூளைக்குப் போயிடக் கூடாது. அதுதான் எங்க பயம். அதனால இனிமே ஒரு நாள்கூடத் தள்ளிப் போட முடியாது."

தள்ளிப் போட முடியாது. அந்த வார்த்தையை இதுவரை அவள் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் ஆறிலிருந்து ஏழு வரை. ஒருவர் பின் ஒருவராகத்தான் விட்டார்கள். அம்மா போய்விட்டு வந்தாள். தம்பி போய்விட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. "இந்த லிப்ட் கதவு ரெண்டு செகண்ட் லேட்டா மூடுது. யார்கிட்ட சொல்றது?" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு திரும்பாமலே, "போ அக்கா. உன்னைத்தான் கேட்டுட்டு இருக்கார்" என்றான்.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல், இப்போது பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காது.

"வா பாப்பா. கடைசியில டாக்டரம்மா என் வாயைத் திறக்க வெச்சுட்டாங்க. அதுக்கு ஆம்புலன்ஸ்ல வர வேண்டியிருக்கு."

நாற்பது வயசுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையில் விசிலை வைத்தாள். அவர் விரல்கள் அதைப் பழக்கத்தில் திருப்பித் தேய்ந்த இடது பக்கத்தைத் தடவின.

"காவலாளி கொண்டு வந்தானா? அவன்கிட்ட தம்பி சண்டை போட்டானாமே."

"எல்லாம் என்னாலதாம்பா."

"நர்ஸ் வராந்தாவுல நடந்ததைச் சொல்லிடுச்சு. விடு."

"விட முடியலைப்பா. ஒவ்வொரு தடவையும் உங்களைத்தான் நகர்த்தினேன். அந்நியங்க யாரையாவது காக்க வெச்சா கோபப்படுவாங்க. நீங்க படமாட்டீங்க. நம்ம அப்பாதானேன்னு இருந்துட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலையே. விசிலைப் பக்கம் மாத்திக் கடிக்கற அளவுக்கு வலிச்சிருக்கு. பாப்பா, வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே டாக்டரை நிறுத்தி வெச்சு உங்களைப் பாக்கச் சொல்லியிருப்பேனே."

அப்பா சுவரைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறரை.

"சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"இதைச் சொல்லணும்னு நான் நினைக்கலை" என்றார் அவர் மெதுவாக. "ஆனா நாளைக்குக் காலையில எப்படி இருக்குமோ தெரியாது. மனசுல வெச்சுக்கிட்டுப் போக வேண்டாம்னு தோணுது."

"என்னப்பா?"

"உன் மேல தப்பில்லை. கன்னம் வீங்கி நாக்கு புரளலை. போனும் காவலாளியோடது. உனக்கு எப்படி அடையாளம் தெரியும்? ஆறரை வரைக்கும் தாங்காது, கொஞ்சம் முன்னாடி வரட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீ என்னை எவ்வளவு மரியாதையா 'சார், சார்'னு கூப்பிட்டே தெரியுமா? வேலையில எவ்வளவு அருமையா பேசறா என் பொண்ணுன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"எந்தப் போன்? எப்போ?"

அப்பா விசிலைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"'அவரே வரட்டும்மா'ன்னு சொன்னது நான்தான், பாப்பா."